செவிவழி ஆங்கிலமும் கண்வழி ஆங்கிலமும்: தென்திருவிதாங்கூர் முதல் பொன்முடி வரை பேச்சு ஆங்கிலக் கல்வியின் வரலாறு

முன்னுரை

பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலம் பயின்று பட்டம் பெறும் தமிழ் மாணவர் பலர், ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத வல்லவராயும் நேர்காணலில் நான்கு தொடர் பேச இயலாதவராயும் இருப்பது கல்வியுலகம் நன்கறிந்த செய்தியாகும். மாணவரின் கூச்சம், தாய்மொழியின் தலையீடு, ஆசிரியரின் பயிற்சிக்குறை ஆகியன இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டு வருகின்றன. இவை ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இவை இன்றைய வகுப்பறையை மட்டும் நோக்கிச் சொல்லப்படும் காரணங்கள். ஆங்கிலம் தமிழரிடையே எவ்வழியில் வந்தது, எவ்வழியில் கற்பிக்கப்பட்டது என்னும் வரலாற்றை நோக்கினால் வேறொரு காரணம் புலப்படுகிறது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலம் தமிழரிடம் இருவழிகளில் வந்துள்ளது. வணிகத்திலும் ஊழியத்திலும் தோட்டத்திலும் காதால் கேட்டு நாவால் பழகியது ஒன்று. பள்ளியில் நூலைக் கண்டு எழுதிப் பழகியது மற்றொன்று. முன்னதைச் செவிவழி ஆங்கிலம் என்றும் பின்னதைக் கண்வழி ஆங்கிலம் என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலே வளர்ந்தமையே பேச்சு ஆங்கிலம் கற்பித்தலில் இன்று காணப்படும் இடர்களுள் பலவற்றிற்கு அடிப்படை என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

ஆய்வுக்குரிய களமாகத் தென்திருவிதாங்கூரும் திருவனந்தபுரமும், அம்மாவட்டத்தின் நெடுமங்காடு வட்டத்திலுள்ள பொன்முடி மலையும் கொள்ளப்படுகின்றன. ஆங்கிலப் பள்ளி மிக முன்னரே தோன்றிய நாடு திருவிதாங்கூர். ஆங்கிலேயர் தோட்டமும் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பும் அருகருகே அமைந்த மலை பொன்முடி. தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்னும் மூன்று மொழிகளும் ஒரே குழந்தையிடம் சந்திக்கும் இடமும் அதுவே. எனவே இரு வழிகளையும் ஒப்பிட்டுக் காண இக்களம் ஏற்றதாகிறது.

பள்ளிக்கு முந்தைய ஆங்கிலம்

சென்னைக் கோட்டையை ஒட்டிய வணிகத்தில் ஆங்கிலேயருக்கும் உள்நாட்டாருக்கும் இடையே நின்றவர்கள் துபாஷிகள். இருமொழியாளன் என்பதே அச்சொல்லின் பொருள். விலை பேசுதல், கடன் கேட்டல், சரக்கின் தரம் கூறுதல், வழக்குத் தீர்த்தல் ஆகிய செயல்களே அவர்தம் மொழிப் பயிற்சிக் களங்களாயின. சென்னையில் துபாஷியாக விளங்கிய பச்சையப்ப முதலியார் (1754-1794) ஈட்டிய செல்வத்தின் அறக்கட்டளையிலிருந்து 1842-இல் பச்சையப்பன் பள்ளி தோன்றியது. வணிகக் களத்து இருமொழித் தேர்ச்சியால் வந்த பொருள், ஆங்கிலத்தை நூல்வழிக் கற்பிக்கும் பள்ளியாயிற்று என்பது இவ்வரலாற்றின் திருப்பத்தைக் காட்டும் நிகழ்வாகும்.

துபாஷிகளுக்குக் கீழ்நிலையில், ஆங்கிலேயர் வீடுகளில் பணிபுரிந்தோரிடையே வழங்கிய ஆங்கிலம் ‘பட்லர் இங்கிலீஷ்’ எனப்பட்டது. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886-இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இதனைச் சென்னை மாகாணத்துப் பணியாளர் மொழியாகப் பதிவு செய்கிறது. நிகழ்கால எச்ச வடிவம் எதிர்காலத்தைக் குறிக்க வருதலும், ‘டன்’ என்னும் சொல்லைச் சேர்த்து இறந்தகாலத்தைக் காட்டலும் அதன் இயல்புகளாக அங்குக் கூறப்படுகின்றன. கலப்பு மொழிகளை ஆராய்ந்த ஹூகோ ஷுகார்ட் 1891-இல் எழுதிய இந்திய ஆங்கிலம் பற்றிய கட்டுரையிலும் இம்மொழி இடம்பெற்றுள்ளது.

இம்மொழி இலக்கணப் பிழை மலிந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனைப் பேசியோர் தம் கருத்தைத் தயக்கமின்றி வெளியிட்டனர், கேட்டோர் புரிந்துகொண்டனர். பிழையுடன் பேசிப் பழகும் ஒரு நிலையைக் கடந்தே எவரும் இரண்டாம் மொழியைக் கற்கின்றனர் என்பது இன்றைய மொழிக் கற்றல் ஆய்வுகள் பொதுவாக ஏற்கும் கருத்து. பின்வந்த பள்ளி இந்நிலையை வகுப்பறைக்குள் அனுமதிக்கவில்லை. பட்லர் இங்கிலீஷ் நகைப்புக்குரியதாகக் கருதப்பட்டமையால், பிழைபடப் பேசுவதினும் பேசாதிருத்தல் நன்று என்னும் மனநிலை கற்றோரிடையே வேரூன்றியது. இன்றைய மாணவரின் கூச்சத்திற்கும் இவ்வகையில் ஒரு வரலாறு உண்டு எனலாம்.

திருவிதாங்கூரில் ஆங்கிலப் பள்ளிகள்

தென்திருவிதாங்கூரில் ஆங்கிலக் கல்வி இலண்டன் மிஷனரி சங்கத்தாரின் பணியோடு தொடர்புடையது. மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய கல்விப்பணி, சார்லஸ் மீட் காலத்தில் நாகர்கோவிலை மையமாகக் கொண்டு விரிந்தது. அங்கு உருவான செமினரியே பிற்காலத்து ஸ்காட் கிறித்தவக் கல்லூரிக்கு மூலமாகும். நாகர்கோவிலோடு தொடர்புடைய ஜான் ராபர்ட்ஸ் என்பாரைத் தலைமையாசிரியராகக் கொண்டு, சுவாதித் திருநாள் மன்னர் ஆட்சியில் 1834-இல் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கப்பட்டது. மெக்காலேயின் கல்விக் குறிப்பு எழுதப்பட்ட 1835-க்கு ஓராண்டு முன்னரே இது நிகழ்ந்தமை குறிப்பிடத்தக்கது. மன்னரின் இலவசப் பள்ளி என வழங்கிய இந்நிறுவனம் 1866-இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரி அதன் தொடர்ச்சியே.

அக்காலத்தில் ஆங்கிலம் கற்றதன் பயன் அரசுப்பணி. 1844-இல் ஆளுநர் நாயகம் ஹார்டிஞ்ச் வெளியிட்ட தீர்மானம் ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கு அரசுப்பணியில் முன்னுரிமை அளித்தது. 1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கையும், 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத் தோற்றமும் இப்போக்கை நிலைப்படுத்தின. அலுவலகப் பணி, எழுத்துப்பணி. மனு எழுதுதல், படி எடுத்தல், கோப்புக் குறிப்பு வரைதல், கணக்குப் பதிதல் ஆகியவற்றிற்குப் பேச்சு மிகுதியும் வேண்டப்படவில்லை. மெட்ரிக்குலேஷன் தேர்வின் எடையும் எழுத்துத் தாளிலேயே விழுந்தது. எதனைத் தேர்வு அளக்கிறதோ அதனையே பள்ளி கற்பிக்கும். ஆகவே உரைநடைப் பாடம், இலக்கணப் பகுப்பு, மொழிபெயர்ப்பு, மனப்பாடம் என்பனவே ஆங்கில வகுப்பின் உறுப்புகளாயின.

இவ்வழி வீணானதன்று. திருவனந்தபுரம் கல்லூரியில் தத்துவம் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897), லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாடலைத் தழுவி 1891-இல் ‘மனோன்மணீயம்’ தந்தார். திருஞானசம்பந்தர் காலம் குறித்தும் திருவிதாங்கூர் மன்னர் வரலாறு குறித்தும் ஆங்கிலத்தில் ஆய்வுகள் எழுதித் தமிழின் தொன்மையைப் பிறர் அறியச் செய்தவரும் அவரே. நூல்வழி ஆங்கிலம் தமிழாய்வுக்கு ஆற்றிய தொண்டினை மறுத்தல் இயலாது. ஆனால் இத்தேர்ச்சி, நூலும் ஓய்வும் ஆங்கிலம் பேசும் சூழலும் வாய்த்த சிலர்க்கே உரியதாயிருந்தது. சிலர்க்கு ஏற்ற கல்விமுறை எல்லார்க்கும் விரிக்கப்பட்டபோது, அச்சூழல் வாய்க்காத பெரும்பான்மையோரிடம் எழுத்து மட்டும் எஞ்சியது.

மலையில் நிகழ்ந்த எதிர்த்திசைக் கற்றல்

பள்ளிகளில் ஆங்கிலம் இவ்வாறு கற்பிக்கப்பட்ட அதே நூற்றாண்டில், மலைத்தோட்டங்களில் மொழிக் கற்றல் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. அங்குத் தொழிலாளரின் பேச்சு மொழியைக் கற்க வேண்டியவர் ஆங்கிலேயத் துரைமார். இலங்கைத் தோட்டங்களுக்குப் புதிதாக வரும் இளந்துரைகளுக்காக ஏ.எம். பெர்குசன் ‘இங்கே வா’ என்னும் தலைப்பில் தமிழ்க் கையேடு ஒன்றை வெளியிட்டார். டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் என்பாரின் ‘கூலித் தமிழ்’ 1915-இல் வெளிவந்தது. இந்நூற்பெயர்களே அக்காலத்து உறவுநிலையைக் காட்டுகின்றன. ஏவல் வினையே ஒரு நூலின் தலைப்பாகிறது. இழிவுச் சொல் ஒன்று மொழியின் அடைமொழியாகிறது.

எனினும் கற்பித்தல் முறை என்னும் நோக்கில் இக்கையேடுகள் கருதத்தக்கன. இவை செந்தமிழ் நெடுங்கணக்கும் புணர்ச்சி விதியும் கற்பித்து நூல் பயிற்றும் நோக்கமுடையன அல்ல. நாள்தோறும் நிகழும் வேலைக்குரிய தொடர்களைப் பேச்சு வழக்கிலேயே தந்தன. தமிழகத்திலும் ஏ.எச். ஆர்டனின் பொதுவழக்குத் தமிழ் இலக்கணம் அயலார்க்குப் பயன்பட்டது. அதன் 1934-ஆம் ஆண்டுப் பதிப்பில் மொழியியலறிஞர் ஜே.ஆர். பர்த் எழுதிய தமிழ் ஒலிப்பு முறை பற்றிய பகுதி பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டது. தமிழ் கற்கும் ஆங்கிலேயர்க்கு ஒலிப்பு விளக்கமும் பேச்சுத் தொடர்களும் கிடைத்தன. ஆங்கிலம் கற்கும் தமிழர்க்குச் செய்யுளும் இலக்கணப் பகுப்பும் கிடைத்தன. ஒரே காலத்தில் இரு மொழிகளும் இருவேறு நோக்கில் கற்பிக்கப்பட்டமையை இவ்வேறுபாடு தெளிவாக்குகிறது.

தொழிலாளரும் ஆங்கிலச் சொற்களைக் கேட்டே கற்றனர். காலையில் ஆளெடுக்கும் அணிவகுப்பு ‘பிரட்டு’ அல்லது ‘பெரட்டு’ ஆயிற்று. இது ‘பரேடு’ என்பதன் திரிபு. தொழிலாளர் வரிசை வீடுகளைக் குறிக்கும் ‘லயம்’ என்பதை ‘லைன்’ என்பதன் திரிபாகக் கொள்வர். ‘லாயம்’ என்பதோடு இணைத்துக் காண்போரும் உளர். ‘ஆப்பீசு’, ‘இஸ்டோர்’, ‘ரோட்டு’ முதலியனவும் இவ்வகையின. எழுத்துக்கூட்டை அறியாதார் செவியில் விழுந்த ஒலியைத் தம் மொழியின் ஒலியமைதிக்கேற்ப மாற்றிக்கொண்டனர். இம்மாற்றம் மனம்போன போக்கில் நிகழ்ந்ததன்று. அதற்கு இலக்கணம் உண்டு என்பது அடுத்துக் காட்டப்படும்.

தமிழ் ஒலியமைதியும் ஆங்கில ஒலிப்பும்

தமிழ் மாணவரின் ஆங்கில ஒலிப்பிலுள்ள வேறுபாடுகளைத் தனித்தனிப் பிழைகளாகக் கண்டு திருத்துவது வழக்கமாக உள்ளது. தமிழிலக்கண நூல்களை நோக்கினால் அவை ஒழுங்குடையன என்பது விளங்கும்.

முதலாவது, சொல்லிறுதி. வல்லின மெய்கள் சொல்லின் ஈற்றில் நில்லா என்பது தொல்காப்பிய மொழிமரபால் பெறப்படும். ஆகவே வல்லின ஈறு குற்றியலுகரம் பெற்றே நிற்கும்: நாடு, காசு, பாக்கு. இப்பழக்கமே ‘கப்’ என்பதைக் ‘கப்பு’ என்றும் ‘புக்’ என்பதைப் ‘புக்கு’ என்றும் ஒலிக்கச் செய்கிறது. ஒற்று இரட்டித்தலும்கூடத் தமிழ்ச் சொல்லமைப்பின் வழியதே.

இரண்டாவது, மெய்ம்மயக்கம். தமிழில் சொன்முதலில் இரு மெய்கள் இணைந்து வாரா. வடசொற்கள் தமிழாகும்போது ய, ர, ல ஆகியன பிற மெய்யோடு இணைந்து வருமிடத்து இடையில் இகரம் தோன்றும் என்று நன்னூல் பதவியல் விதிக்கிறது. ‘கிரமம்’ என்னும் வடிவம் இவ்விதியின்படி அமைந்தது. இன்று வழங்கும் ‘கிளாஸ்’, ‘பிளேடு’, ‘கிரீம்’, ‘டிரெயின்’ என்பனவும் அவ்விதிக்கே அடங்குகின்றன. 13-ஆம் நூற்றாண்டு இலக்கணி வடமொழிக்கு வகுத்த நெறி, அவர் கேட்டறியாத மொழியின் சொற்களுக்கும் பொருந்துவது வியப்பிற்குரியது. விதி அயன்மொழியைப் பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் அது தமிழ் நாவின் இயல்பைப் பற்றியது என்பதே இதன் விளக்கம்.

மூன்றாவது, ஒலிப்புடைமை. தமிழ்ச் சொற்களில் ககரம் முதலிய வல்லெழுத்துகள் சொன்முதலிலும் இரட்டிக்குமிடத்தும் ஒலிப்பின்றியும், மெல்லெழுத்தை அடுத்து ஒலிப்புடனும் வரும். இவ்வேறுபாடு இடத்தால் அமைவதேயன்றிப் பொருளை வேறுபடுத்துவதன்று. எனவே ஓரெழுத்தே போதுமானதாயிற்று. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு பொருளை மாற்றும். முதுகைக் குறிக்கும் சொல்லும் பையைக் குறிக்கும் சொல்லும் ஈற்றொலியின் ஒலிப்புடைமையாலேயே பெரிதும் வேறாகின்றன. தமிழில் எழுதினால் இரண்டும் ‘பேக்’ என்றே அமையும்.

நான்காவது, உயிர்முதற் சொற்கள். பேச்சுத் தமிழில் எகர முதற்சொல் யகரச் சாயலும் ஒகர முதற்சொல் வகரச் சாயலும் பெறுவதுண்டு. அதனால் ‘எக்’ என்பது ‘யெக்’ என்றும் ‘ஓப்பன்’ என்பது ‘வோப்பன்’ என்றும் ஒலிக்கின்றன.

ஐந்தாவது, அசையழுத்தம். தமிழில் அழுத்தம் சொற்பொருளை வேறுபடுத்துவதில்லை. ஆங்கிலத்தில் ‘ரெக்கார்ட்’ என்னும் சொல் முன்னசையில் அழுத்தம் பெற்றால் பெயராகவும் பின்னசையில் பெற்றால் வினையாகவும் நிற்கும். ஆர்.கே. பன்சால் 1969-இல் வெளியிட்ட இந்திய ஆங்கிலத்தின் புரிதிறன் பற்றிய ஆய்வு, அழுத்தம் இடம் மாறுதலைப் புரியாமைக்குரிய முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கண்டது. இக்கருத்து ஆசிரியர்க்கு மிகவும் வேண்டப்படுவது. ‘கப்பு’ என்று ஒலித்தாலும் கேட்போர்க்குப் பொருள் விளங்கும். அழுத்தம் பிறழ்ந்தால் சொல்லே விளங்காது போதல் கூடும். வகுப்பிலோ முன்னதே நகைக்கப்படுகிறது. பின்னது கற்பிக்கப்படுவதே அரிது.

ஒலியைக் கடந்து உரையாடல் நெறியிலும் வேறுபாடு உண்டு. ‘நீ நேற்று வரவில்லையா?’ என்னும் வினாவிற்கு வராதவர் ‘ஆமாம், வரவில்லை’ எனத் தமிழில் விடையிறுத்தல் இயல்பு. ஆங்கிலத்தில் அவர் மறுப்புச் சொல்லால் தொடங்குதல் வேண்டும். தமிழர் ‘எஸ்’ என்று விடையளிக்கும்போது கேட்பவர் எதிர்ப்பொருள் கொள்கிறார். நீ, நீங்கள் என்னும் மரியாதை வேறுபாடு ஆங்கில முன்னிலையில் இன்மையால், பெரியோரிடம் ஒரே சொல்லால் பேசத் தயங்கி ‘சார்’ என்பதைத் தொடர்தோறும் சேர்ப்பதும் காணப்படுகிறது. எழுத்துத் தேர்வில் இவை வெளிப்படுவதில்லை, பேசினால்தான் தெரியும்.

இரட்டை வழக்கும் வகுப்பறையும்

தமிழ்க் குழந்தை பள்ளியில் முதலில் எதிர்கொள்ளும் புதிய மொழிநடை ஆங்கிலமன்று, எழுத்துத் தமிழே. 1959-இல் இரட்டை வழக்குக் கோட்பாட்டை வகுத்த சார்லஸ் பெர்குசன், தமிழும் அவ்வரையறைக்குப் பொருந்தும் எனக் குறித்தார். அடுத்த ஆண்டில் மு. சண்முகம் பிள்ளை தமிழின் இலக்கிய வழக்கையும் பேச்சு வழக்கையும் ஒப்பிட்டு எழுதினார். பேச்சுத் தமிழைக் கற்பிக்கும் நூல்களையும் பின்னர் அவர் உருவாக்கினார். அவை அயலார்க்கே பெரிதும் பயன்பட்டன என்பதும் நோக்கத்தக்கது.

வீட்டில் ‘வந்துட்டாங்க’ என்னும் குழந்தை, பள்ளியில் ‘வந்துவிட்டார்கள்’ என எழுதக் கற்கிறது. வீட்டுப்பேச்சு வகுப்பிற்குரியதன்று என்பதையும் அதனோடு சேர்த்தே கற்கிறது. மொழிப்பாடம் என்றாலே எழுத்துப்பாடம் என்னும் கருத்து இவ்வாறு ஆங்கிலம் தொடங்கும் முன்னரே உருவாகிவிடுகிறது. பிறகு ஆங்கிலமும் அதே மேசையில், அதே முறையில் வைக்கப்படும்போது, அதனையும் மாணவர் எழுதும் மொழியாகவே ஏற்கின்றனர். தமிழையேனும் வீட்டில் பேசிப் பழகியுள்ளனர். ஆங்கிலத்திற்கு அத்தகைய வீடு இல்லை. ஆகவே அவர் வாய்திறந்து பேசும் ஆங்கிலமும் கட்டுரை நடையாகவே வெளிப்படுகிறது. சுருக்க வடிவங்களும், இடைநிறுத்தச் சொற்களும், கேட்டதைத் திரும்பக் கேட்கும் தொடர்களும் பாடநூலில் இல்லாமையால் உரையாடல் இடையில் அறுந்துவிடுகிறது.

பேச்சை நோக்கிய சீர்திருத்தங்கள்

இக்குறையைக் கல்வியாளர் உணராமலில்லை. ஹெரால்ட் பாமர் 1921-இல் வாய்மொழி வழியாக மொழி கற்பிக்கும் முறையை நூலாக்கினார். வங்கத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1926-இல் இருமொழியம் பற்றிய ஆய்வில் மாறுபட்ட நிலையை எடுத்தார். இடையில் பள்ளியை விட்டு நீங்கும் மாணவர்க்குப் பேச்சினும் வாசிப்பே நிலைத்த பயன் தரும் என்பது அவர் கருத்து. அக்காலச் சூழலில் அது நியாயமானதே. ஆயினும் கண்வழிக் கல்விக்கு அது மேலும் வலுவளித்தது.

விடுதலைக்குப் பின், 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தோன்றியது. 1959-ஐ ஒட்டிச் சென்னை மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஆசிரியர் பயிற்சி இயக்கம் உலகளவில் பேசப்பட்டது. அமைப்புமுறைப் பாடத்திட்டத்தின்படி, தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர் ஏறத்தாழ 27,000 பேரை மீள்பயிற்றுவிக்க முனைந்த பெருமுயற்சி அது. முதலில் சிலர்க்குப் பயிற்சி, அவர் வழியே பலர்க்குப் பயிற்சி, அவர் வழியே மேலும் பலர்க்கு எனப் பெருகியமையால் அதனைச் ‘சென்னைப் பனிப்பந்து’ என்றனர். தொடர் அமைப்புகளை வாய்மொழியாகப் பன்முறை பயிற்றல் இதன் உயிர்நாடி. வகுப்பில் ஆங்கில ஒலி எழுந்தது என்ற வகையில் இது முன்னேற்றமே. எனினும் பனிப்பந்து உருளுந்தோறும் கருத்தின் ஆழம் குறைதல் இயல்பு. மேசைமேல் நூல் இருக்கிறது என்று வகுப்பே ஒருசேர ஒலித்தது; அந்நூலை ஒருவர் மற்றொருவரிடம் கேட்டுப் பெறும் தேவை வகுப்பில் எழவில்லை.

இதனை உணர்ந்தவர் என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரு மண்டல ஆங்கில நிறுவனமும் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலும் சார்ந்து அவர் நடத்திய திட்டம், சென்னை, கடலூர்ப் பள்ளிகளையும் தழுவியது. தொடர் அமைப்பைப் பயிற்றுவதற்கு மாற்றாக, தொடர்வண்டி நேர அட்டவணையை ஆராய்தல், வரைபடத்தில் வழி காணுதல் போன்ற செயற்பணிகள் மாணவர்க்குத் தரப்பட்டன. பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போதே மொழியமைப்பு உள்ளத்தில் படியும் என்பது இதன் அடிப்படை. மாணவரை உடனே பேசுமாறு வற்புறுத்தாமையும் இதன் சிறப்பு. 1987-இல் வெளிவந்த அவர்தம் நூல் உலகெங்கும் செயற்பணிவழிக் கற்பித்தலுக்கு வழிகாட்டியாயிற்று. தமிழ் மாணவர் வகுப்பறையில் முளைத்த கருத்து, தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு முறையை மாற்றவில்லை என்பது வருந்தத்தக்கது.

பள்ளி விட்ட இடத்தைச் சந்தை நிரப்பியது. முப்பது நாளில் மொழி கற்பிக்கும் நூல்களும், ‘ரெபிடெக்ஸ்’ போன்ற தொடர்களும், சிற்றூர் தோறும் பேச்சு ஆங்கிலப் பயிற்சி நிலையங்களும் பெருகின. கல்விக் கட்டணம் செலுத்திப் பட்டம் பெற்றவர், அப்பட்டத்திற்குள் அடங்கியிருக்க வேண்டிய திறனுக்காக மீண்டும் கட்டணம் செலுத்தும் நிலை ஏற்பட்டது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2012-13 கல்வியாண்டில் பேசுதல், கேட்டல் திறன்களுக்கு மதிப்பீட்டை அறிமுகப்படுத்தியமையும், தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் பேச்சு ஆங்கிலம் இடம்பெற்றமையும் காலந்தாழ்ந்தேனும் நிகழ்ந்த மாற்றங்கள்.

பொன்முடியின் மும்மொழிச் சூழல்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், விதுரையைக் கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகளால் அடையப்படும் பொன்முடி, இன்று சுற்றுலாத் தலமாகவே பலர்க்கும் அறிமுகம். ஆங்கிலேயர் காலத் தேயிலைத் தோட்டங்களும், தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களும் அம்மலையின் மற்றொரு வரலாறு. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெடுமங்காட்டு மலைகள் கேரளத்தில் அமைந்தன. தேவிகுளம், பீர்மேடு பகுதிகளைப் போலத் தமிழர் பெருந்தொகையினராக வாழாத இம்மலையில், தமிழ் வீட்டுக்குள் வழங்கும் சிறுபான்மை மொழியாயிற்று.

சட்டங்கள் துணைநிற்கவே செய்கின்றன. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருப்பின் கல்வி வசதி செய்யுமாறு தோட்ட உரிமையாளரைப் பணிக்கும் விதிகளை மாநில அரசு இயற்ற இடமளித்தது. 1956-இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ உறுப்பு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வி வசதியை வலியுறுத்துகிறது. கேரளத்தில் தமிழ்வழிப் பாடநூல்களும் தேர்வும் உள்ளன. ஆயினும் சிதறி வாழும் சிறுதொகையினர்க்கு மலையாளவழிப் பள்ளியே அருகில் அமைவது.

இச்சூழலில் வளரும் குழந்தைக்குப் பேச்சுத் தமிழ் வீட்டுமொழி, மலையாளம் கல்விமொழி, ஆங்கிலம் மூன்றாவதாக வருவது. ஆங்கிலத்தை ‘இரண்டாம் மொழி’ எனக் கொண்டு எழுதப்படும் பாடத்திட்டம் இக்குழந்தையைக் கணக்கில் கொள்வதில்லை. பாடத்தை மலையாளத்தில் விளக்கும் ஆசிரியர், விளங்காத ஒன்றை முழுதும் விளங்காத மற்றொன்றால் விளக்கும் நிலைக்கு ஆளாகிறார்.

ஆனால் இக்குழந்தையிடம் ஒரு வளமும் உண்டு. மலையாள எழுத்துமுறை ஒலிப்புடை ஒலிகளுக்குத் தனியெழுத்து உடையது. தமிழ் நாவும் மலையாள எழுத்தும் ஒருங்கே பெற்ற குழந்தைக்கு, ஆங்கிலத்தின் ஒலிப்புடைமை வேறுபாட்டைக் காட்டுதல் தமிழ் மட்டும் எழுதக் கற்ற குழந்தைக்குக் காட்டுவதினும் எளிதாதல் கூடும். மேலும் வீட்டில் ஒருமொழி, கடைத்தெருவில் ஒருமொழி எனச் செவிவழியே இருமொழியாளனாகிய அனுபவமும் அதற்குண்டு. துபாஷியின் கற்றல் முறை அக்குழந்தையிடம் இயல்பாக உள்ளது. பள்ளி அதனைப் பயன்படுத்துவதில்லை. 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வரைவு, குழந்தையின் பன்மொழித்திறனை வகுப்பறை வளமாகக் கொள்ளுமாறு கூறியது இங்கு நினைக்கத்தக்கது.

திருவனந்தபுரத்தில் இதற்குரிய ஆய்வு மரபும் உண்டு. வ.அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் வளர்த்த மொழியியல் துறையும், அவர் முன்னின்று உருவாக்கிய திராவிட மொழியியற் கழகமும் தமிழ், மலையாள ஒலியமைதிகளை நுணுகி ஆராய்ந்தன. அவ்வாய்வுகளின் பயன் மலைப்பள்ளியின் கரும்பலகை வரை எட்டவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. பள்ளிக்கு முன்னரும் பள்ளிக்கு வெளியிலும் தமிழர் ஆங்கிலத்தைச் செவிவழியே கற்றுப் பேசியுள்ளனர். ஆகவே பேச்சு ஆங்கிலம் கைவராமைக்குத் தமிழ் நாவினைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

2. அரசுப்பணியையும் எழுத்துத் தேர்வையும் நோக்கி அமைந்த பள்ளிக்கல்வி ஆங்கிலத்தைக் கண்வழி மொழியாக்கியது. தமிழின் இரட்டை வழக்கு அப்போக்கிற்குத் துணையாயிற்று.

3. தமிழ் மாணவரின் ஒலிப்பு வேறுபாடுகள் தொல்காப்பியமும் நன்னூலும் கூறும் ஒலியமைதியின் விளைவுகள். குற்றியலுகரம் கற்பிக்கும் தமிழாசிரியர், அதே வகுப்பில் ‘கப்பு’ என்பது ஏன் தோன்றுகிறது என்பதையும் விளக்கலாம். மாணவர் தம் ஒலிப்பு அறியாமையால் வந்ததன்று, ஓர் இலக்கணத்தால் வந்தது என உணர்வராயின் கூச்சம் குறையும், திருத்தமும் எளிதாகும்.

4. புரிதலைக் கெடுக்கும் வேறுபாடுகளுக்கும் கெடுக்காதவற்றிற்கும் இடையே தரம் பிரித்து, அசையழுத்தம் போன்றவற்றிற்கு முதலிடம் தருதல் வேண்டும்.

5. பேச்சைத் தேர்வு அளக்காத வரை பேச்சு கற்பிக்கப்படாது. சிறு அளவிலேனும் வாய்மொழித் தேர்வு இன்றியமையாதது. தமிழ்ப் பாடத்திற்கும் இது பொருந்தும். தமிழில் எழுந்து நின்று கருத்துரைக்கப் பழகாத மாணவர் ஆங்கிலத்தில் அதனைச் செய்வார் என எதிர்பார்த்தல் அரிது.

6. பொன்முடி போன்ற மும்மொழிச் சூழல்களுக்கு, வீட்டுமொழியைத் தொடக்கமாகக் கொண்ட தனிப் பயிற்றுக்கருவிகள் உருவாக்கப்படுதல் வேண்டும். தமிழ்த் துறைகளும் மொழியியல் துறைகளும் ஆங்கிலத் துறைகளும் இணைந்து செய்யத்தக்க பணி இது.

பேச்சு ஆங்கிலம் ஆங்கில ஆசிரியருக்கு மட்டும் உரிய சிக்கல் என்று தமிழ்த் துறையினர் ஒதுங்கியிருந்த காலம் நெடிது. மாணவரின் நாவில் முதலில் குடிகொண்டது தமிழ். அந்நாவின் இயல்பை நன்கறிந்தவர் தமிழாசிரியர். அவர்தம் அறிவு இத்துறைக்கு வந்து சேருமாயின், பட்டம் பெற்றும் பேச இயலாது நிற்கும் மாணவர்க்கும், மலைத்தோட்டத்து முதல் தலைமுறைக் கல்வியாளர்க்கும் அது உறுதுணையாக அமையும்.